நகராட்சி உரக்கூடத்தோடு பயோகேஸ் கலனைச் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தினமும் 5 டன் மக்கும் குப்பை வருகிற ஒரு நகராட்சி நுண் உரக்கூடத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொட்டிகள் நிரம்பி வழிகின்றன. ஓட்டல் கழிவு விழுந்த தொட்டியில் சாறு ஒழுகி, ஈ மொய்க்கிறது. ஆய்வுக்கூட்டத்தில் யாராவது ஒருவர் “பேசாமல் ஒரு பயோகேஸ் பிளான்ட் போட்டுவிடலாமே” என்கிறார். போடலாம். ஆனால் வேலைகளை வரிசை மாற்றிச் செய்தால் இருக்கிற உரக்கூடமும் சேர்ந்து கெட்டுப்போகும்.

நான் முதல் தடவை செய்த தவறு அதுதான். கலனைக் கட்டி முடித்து, அடுப்பில் நீலச் சுடரைப் பார்த்துக் கைதட்டிய பிறகுதான், தினமும் வெளியே வரும் கரைசலை எங்கே விடுவது என்று யோசித்தோம். மூன்றாவது வாரம் அது மழைநீர் வடிகாலில் ஓடியது. நான்காவது வாரம் தெருவே திரண்டு வந்து வாசலில் நின்றது. அதனால் இந்த வழிகாட்டியில் கலன் கட்டும் வேலை ஏழாவதாகத்தான் வரும்.

1. முதலில் 14 நாள் எடை போடுங்கள்

தொடர்ந்து 14 நாள், வண்டி வண்டியாக, மூலம் வாரியாக எடை போடுங்கள். வீடு, ஓட்டல், கல்யாண மண்டபம், காய்கறிச் சந்தை, பழச்சாறு கடை, மீன் கடை என்று தனித்தனியாக எழுத வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு முகூர்த்த நாளும் ஓர் ஞாயிறும் ஓர் அமாவாசையும் வந்தாக வேண்டும். இந்த மூன்று நாளிலும் குப்பையின் அளவும் மாறும், குணமும் மாறும்.

தினமும் ஒரு வண்டியிலிருந்து 100 கிலோவைத் தார்ப்பாயில் கொட்டிக் கையால் பிரித்துப் பாருங்கள். அதில் 5 கிலோவுக்கு மேல் மக்காத பொருள் இருந்தால் கலன் பேச்சை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, வீட்டு வாசலில் பிரித்து வாங்கும் வேலையைச் சரிசெய்யுங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் உரத்தொட்டி பிளாஸ்டிக்கைப் பொறுத்துக்கொள்ளும். கடைசியில் சலிக்கும்போது சல்லடையில் நின்றுவிடும். கலனுக்கு அப்படிக் கடைசி சல்லடை கிடையாது. உள்ளே போன கேரி பேக் மேலே மிதந்து ஆடையாகப் படியும், அல்லது குழாயை அடைக்கும். மூடிய கலனுக்குள் கைவிட்டு எடுக்க முடியாது.

எடைக்கணக்கு முடிந்ததும் எல்லோரும் செய்வது சராசரி எடுப்பது. நீங்கள் குறைந்த நாட்களின் அளவைப் பாருங்கள். கலனுக்கு ஏறத்தாழ ஒரே அளவு சாப்பாடு தினமும் வேண்டும். கூடுதலாக வருவதை ஏற்றுக்கொள்ளத்தான் உரத்தொட்டி இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் கலனுக்கு ஏற்ற கழிவு சில நாள் 3.5 டன் வரும், மந்தமான நாளில் 2 டன்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். கலனை 2 டன்னுக்கே போடுங்கள்.

2. எது கலனுக்கு, எது தொட்டிக்கு

கலனுக்குள் காற்றில்லாமல் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மரத்தன்மை உள்ள நாரைத் தொடாது. சோறு, சாம்பார், அரைத்த காய்கறி, பழத்தோல், மாவு போன்ற மென்மையானவற்றைத்தான் வாயுவாக்கும். தொட்டிக்கோ உலர்ந்த, காற்றோட்டம் தரும் பொருள்தான் பலம். ஆக இரண்டுக்கும் ஒரே கழிவில் போட்டி கிடையாது, பிரித்துக் கொடுத்தால்.

கலனுக்குப் போக வேண்டியவை: ஓட்டல், மண்டபம், விடுதிச் சாப்பாட்டுக் கழிவு, சந்தையில் அழுகிய தக்காளி, முட்டைக்கோஸ் இலை, பூசணி, மாவு அரைக்கும் கடைகளின் கழிவு.

தொட்டிக்கே போக வேண்டியவை: மரத்தழை, வாழைத்தண்டு, வாழையிலை, கறிவேப்பிலைக் காம்பு, மக்காச்சோளக் கட்டை, பூமாலை. மாலையில் நூலோ நாரோ இருக்கும். அரவை இயந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொண்டு மோட்டாரை எரித்துவிடும். இளநீர் மட்டையும் தேங்காய் மட்டையும் இரண்டுக்கும் ஆகாது. துகளாக்கும் இயந்திரம் இருந்தால் மட்டும் தொட்டிக்கு.

கவனமாகச் சேர்க்க வேண்டியவை இன்னொரு வகை. எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோலில் உள்ள எண்ணெய் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களை முடக்கும். பழச்சாறு கடை வண்டியை அப்படியே கலனில் கவிழ்த்தால் அடுத்த நாளே வாயு குறைவது தெரியும். மீன் கழிவில் புரதம் அதிகம். அது அம்மோனியாவாக மாறி அதே கெடுதலைச் செய்யும். கலனுக்குத் தினமும் போடும் மொத்த ஊட்டத்தில் மீனைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக விடாதீர்கள். கோழி இறகும் எலும்பும் வேண்டவே வேண்டாம்.

வாழையிலையைப் பற்றி ஒரு வார்த்தை. மண்டபக் கழிவில் பாதி அதுதான். மேசையில் நின்று பிரிக்கும் ஓர் அக்கா முதல் நாளே சொன்னார்: “இலையை மடிச்சா உள்ள என்ன இருக்குன்னு யாருக்கு சார் தெரியும்?” ஒவ்வோர் இலையையும் விரித்துக் காட்டினார். ஐஸ்கிரீம் கப், மரக்கரண்டி, தண்ணீர் பாட்டில் மூடி, டிஷ்யூ, ஒன்றில் மண்டபத்தின் எவர்சில்வர் ஸ்பூன். அன்றிலிருந்து இலையை விரித்து உதறாமல் எதையும் உள்ளே விடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இதற்கு 2 டன்னுக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். திட்ட அறிக்கையில் பெரும்பாலும் இரண்டு பேர்தான் இருப்பார்கள். அங்கேயே சண்டை போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

3. தினமும் வெளியே வரும் 3,800 லிட்டருக்கு வழி பண்ணுங்கள்

புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இடறுவது இங்கேதான். “குப்பை வாயுவாக மாறிவிடும்” என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்.

2 டன் கழிவோடு ஏறத்தாழ 2,000 லிட்டர் தண்ணீர் சேர்த்து அரைத்து விடுகிறோம். உள்ளே போவது 4 டன். அதில் வாயுவாக மேலே போவது எடையில் 200 கிலோ கூட இல்லை. மிச்சம் 3,800 கிலோவும் கறுப்புக் கரைசலாக மறுபக்கம் வரும். இதை ஸ்லரி என்போம். உள்ளே எவ்வளவு விடுகிறீர்களோ, ஏறக்குறைய அவ்வளவு தினமும் வெளியே வந்தே தீரும். ஞாயிற்றுக்கிழமையும் வரும், மழைநாளிலும் வரும்.

ஸ்லரியை முதலில் பிழிய வேண்டும். திருகு அழுத்தி இயந்திரம் வாங்கினால் 400 கிலோ அளவுக்கு ஈரக் கேக்கும் (பிழிந்த சக்கை), 3,400 லிட்டர் அளவுக்கு நீரும் கிடைக்கும். பணம் இல்லையென்றால் மணற்படுகை போதும். ஆனால் அதற்கு இடமும் வெயிலும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காயாது. கூரை போட்ட படுகையே நம் ஊருக்குச் சரி.

நீருக்கான வழிகளை இந்த வரிசையில் நிரப்பிப் பாருங்கள்.

முதலாவது, அடுத்த நாள் கழிவைக் கரைக்கத் தேவைப்படும் 2,000 லிட்டரில் பாதிக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு, இதையே பயன்படுத்தலாம். முழுவதையும் சுற்றிச் சுற்றி விட்டால் உப்பும் அம்மோனியாவும் ஏறிக்கொண்டே போகும். நம் சாப்பாட்டில் ஏற்கெனவே உப்பு அதிகம்.

இரண்டாவது, உரத்தொட்டிகளின் ஈரத்துக்கு. ஓட்டல் கழிவைக் கலனுக்கு மாற்றியதும் தொட்டிகள் வறண்டுபோகும். அங்கே தினமும் 1,000 லிட்டர் சுலபமாகச் செலவாகும்.

மூன்றாவது, மீதி 1,400 லிட்டருக்கு நகராட்சிப் பூங்கா, சாலையோர மரங்கள், பக்கத்துத் தோப்பு. தண்ணீர் கலந்து விட வேண்டும். அப்படியே ஊற்றினால் இளங்கன்று கருகும். தோப்புக்காரரிடம் வாய்ப்பேச்சு போதாது, எழுதி வாங்குங்கள். மழைக்காலத்தில் அவர் வேண்டாம் என்பார். அதற்காகக் குறைந்தது 15 நாள் நீரைத் தேக்கும் தொட்டி, 20,000 லிட்டருக்கு மேல், கட்டாயம் வேண்டும்.

இந்த மூன்று வழியும் காகிதத்தில் 3,400-ஐத் தொடவில்லையென்றால் கலனின் அளவைக் குறையுங்கள். வேறு வழி இல்லை.

4. கலனின் அளவு

விற்க வருபவர் 25 நாள் தங்கல் காலம் போதும் என்பார். கழிவு கலனுக்குள் இருக்கும் நாட்களைத்தான் அப்படிச் சொல்கிறோம். கலக்கும் வசதியும் சூடாக்கும் வசதியும் இருக்கும் பெரிய ஆலைக்கு அது சரி. சாதாரண நகராட்சிக் கலனுக்கு 40 நாள் வையுங்கள். நாளுக்கு 4 கனமீட்டர், 40 நாள், ஆக 160 கனமீட்டர்.

இன்னொரு பக்கமிருந்தும் சரிபார்க்க வேண்டும். 2 டன் கழிவில் தண்ணீர் போக உலர்ந்த பொருள் 400 கிலோ அளவு; அதில் செரிக்கக்கூடியது 340 கிலோ. 160 கனமீட்டருக்கு வகுத்தால் ஒரு கனமீட்டருக்குத் தினமும் 2.1 கிலோ. எளிய கலனுக்கு இது பாதுகாப்பான சுமை. 3 கிலோவைத் தொட்டால் எந்த நிமிடமும் புளிக்கும். தங்கல் காலம் சரியாக இருந்தும் சுமை அதிகமாகி கெட்டுப்போன கலன்கள் உண்டு, அதனால்தான் இரண்டு கணக்கும்.

சமவெளி ஊர்களில் சூடாக்கத் தேவையில்லை. நுண்ணுயிர்கள் கேட்கும் 35 டிகிரிக்கு அருகிலேயே நம் வெயில் வைத்திருக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இதே அளவை நகலெடுக்காதீர்கள்.

5. வாயுவை எரிக்க ஆள் பிடியுங்கள்

ஒரு டன் சாப்பாட்டுக் கழிவுக்கு 80 கனமீட்டர் வாயு என்று வைத்தால் நாளுக்கு 160. ஒரு கனமீட்டர், சமையல் எரிவாயு 0.45 கிலோவுக்குச் சமம். அப்படியானால் 72 கிலோ, அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் நான்குக்குச் சற்றுக் குறைவு. முதல் வருடம் இதில் முக்கால் பங்கு கிடைத்தாலே நல்ல நிர்வாகம் என்பேன்.

நேராகக் குழாய் வைத்து ஒரு சமையலறைக்குக் கொடுப்பது எல்லாவற்றையும்விட எளிது. அம்மா உணவகமோ, விடுதியோ, அரசு மருத்துவமனைச் சமையலறையோ 300 மீட்டருக்குள் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மின்சாரமாக்கினால் கனமீட்டருக்கு 1.5 யூனிட் அளவு வரும். எஞ்சின் பராமரிப்புக்கு ஆள் வேண்டும். சிலிண்டரில் அடைக்க நினைத்தால் வாயுவைச் சுத்திகரிக்க வேண்டும், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டும். 2 டன்னுக்கு அது கட்டுப்படியாகாது. இந்தூரில் 2022-ல் தொடங்கிய ஆலை வாயுவைச் சுத்திகரித்து வண்டிகளுக்குத் தருகிறது என்றால் அது நாளுக்கு 550 டன்னுக்கு வடிவமைத்தது. அங்கேயும் உரம் இல்லாமல் இல்லை. நாளுக்கு 100 டன் உரம் வரும் என்றுதான் திட்டமே போட்டார்கள்.

வாயு இரவிலும் வரும், அடுப்பு இரவில் எரியாது. இரவு 8 முதல் காலை 5 வரை 60 கனமீட்டர் சேரும். வாயுவைத் தேக்கும் பலூன் அந்த அளவுக்கு இருக்க வேண்டும். சிறிய பலூன் போட்டால் அதில் அடங்காத வாயு இரவில் வீணாக வெளியே போகும். மீத்தேனைக் காற்றில் விடுவது கரியமில வாயுவை விடுவதைவிடப் பல மடங்கு கேடு. மிச்சத்தை எரித்துவிட ஒரு சுடர்க் கம்பம் கட்டாயம்.

6. இடமும் அனுமதியும்

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் நிறுவ ஒன்று, இயக்க ஒன்று என இரண்டு இசைவு. உரக்கூடத்துக்கு ஏற்கெனவே இருக்கும் இசைவு கலனுக்குத் தானாகப் பொருந்தாது. விரிவாக்கம் என்று விண்ணப்பிக்க வேண்டும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றுக்கும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள், அதற்குத்தான் நாளாகும்.

கலனும் பலூனும் மின்பலகை, ஜெனரேட்டர், வெல்டிங் செய்யும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகி, காற்றோட்டமான திறந்தவெளியில் இருக்க வேண்டும். உலர் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் பலூன் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிடங்கு ஒருநாள் தீப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

7. கட்டும்போது பிறகு மாற்ற முடியாத நான்கு

கட்டுமானத்தை ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார். நீங்கள் நான்கை மட்டும் கண்ணால் பாருங்கள்.

உள்வரும் குழாய் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வளைவு இருக்கக் கூடாது. அடைத்தால் கழி விட்டுக் குத்த நேர்வழி வேண்டும். அரவைக்கும் கலனுக்கும் நடுவில் மண் தங்கும் சிறு தொட்டி வேண்டும். சந்தைக் கழிவோடு வரும் மணலும் முட்டை ஓடும் உள்ளே போனால் ஐந்து வருடத்தில் கலனில் கால்வாசி மண்தான் இருக்கும். அடியில் வண்டலை இறக்க வால்வு வேண்டும். வாயுக்குழாய் முழுவதும் ஒரே பக்கம் சரிந்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் பொறி இருக்க வேண்டும்; வாயுவில் ஈரம் உண்டு, குழாய் தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி வாயு நின்றுவிடும். “கேஸே வரலை” என்று எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீர்தான்.

கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி ஏழு நாள் கசிவு பார்க்காமல் சாணம் ஊற்ற விடாதீர்கள்.

8. வாயு வருவதற்கு முன்பே பாதுகாப்பு

தொடக்கத்துக்கு முன்னால் இதை வைத்ததற்குக் காரணம், வாயு எப்போது வரும் என்று சொல்லிவிட்டு வராது என்பதுதான்.

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். கூடவே வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றால் ஆபத்து நீங்கியதாக நினைக்கக் கூடாது. சட்டையில் மூக்குக்கு அருகே மாட்டும் வாயு அளவிக் கருவி இரண்டு வாங்குங்கள். விலையைக் கேட்டு ஒன்று போதும் என்பார்கள், இரண்டு வேண்டும்.

அரவைத் தொட்டி, ஸ்லரித் தொட்டி, கலன் எதற்குள்ளும் யாரும் எந்தக் காரணத்துக்கும் இறங்கக் கூடாது. ஸ்பூன் விழுந்தால் போகட்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் சாகிறார். இந்தத் தொழிலில் சாவு அப்படித்தான் ஜோடியாக வருகிறது. இதை வேலைக்குச் சேரும் நாளிலேயே, தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லுங்கள்.

அழுத்தம் கூடினால் திறக்கும் நீர்ப்பூட்டில் தினமும் தண்ணீர் பாருங்கள். சித்திரை வெயிலில் மூன்று நாளில் வற்றிவிடும், வாயு முழுவதும் அந்த வழியே போகும். அடுப்புக்குப் போகும் குழாயில் தீத்தடுப்பான் வேண்டும். கந்தகத்தை நீக்கும் இரும்புத்தூள் கூட்டைத் திறக்கும்போது உள்ளிருப்பதை நனைத்தபடியே எடுங்கள். காற்றுப் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

9. தொடக்கம்: 60 நாள் பொறுமை

முதலில் கலனில் ஊற்ற வேண்டியது 25 டன் பசுஞ்சாணமும் அதே அளவு தண்ணீரும். காய்ந்த வறட்டி ஆகாது, நுண்ணுயிர் செத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு பயோகேஸ் கலனின் ஸ்லரி ஒரு லாரி கிடைத்தால் இரண்டு வாரம் மிச்சம். உள்வாய், வெளிவாய் இரண்டு குழாய்களின் முனையும் மூழ்கும் வரை மட்டம் இருந்தால்தான் வாயு தப்பாது. குறைந்தால் தண்ணீர் சேருங்கள்.

பிறகு சும்மா இருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயுவும் உள்ளே இருந்த காற்றும். எரியாது. அதைச் சோதிக்க யாராவது கலனருகே தீக்குச்சியோடு போவார்கள். காற்றும் மீத்தேனும் கலந்திருக்கும் இந்த நாட்களில்தான் வெடிக்கும் வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு பலூன் வாயுவைத் தொலைவில் திறந்து விட்டுவிடுங்கள். மூன்றாவதைக் கலனிலிருந்து தள்ளி இருக்கும் அடுப்பில் பாருங்கள்.

சுடர் நிலையாக நீலமாக எரியத் தொடங்கியதும்தான் முதல் ஊட்டம். முதல் வாரம் நாளுக்கு 200 கிலோ. அடுத்த வாரம் 400. பிறகு 700, 1,000, 1,400, 1,700, கடைசியில் 2,000. ஒவ்வொரு படியும் ஒரு வாரம். அமில காரச் சோதனைத் தாளில் 7-ஐ ஒட்டி இருந்தால் மட்டும் அடுத்த படி, 6.8-க்குக் கீழே இறங்கினால் அதே படியில் இன்னொரு வாரம்.

காரணம் இதுதான். உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. சோற்றை அமிலமாக்கும் கூட்டம் வேகமாகப் பெருகும். அமிலத்தை மீத்தேனாக்கும் கூட்டம் மெதுவாகப் பெருகும். நீங்கள் அவசரப்பட்டால் முதல் கூட்டம் ஓடிவிடும், இரண்டாவது பின்தங்கும், நடுவில் அமிலம் தேங்கும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று 20-ஆவது நாளே 2 டன் போட்ட ஒரு கலனை நான் பார்த்தேன். விழாவில் சுடர் எரிந்தது. அடுத்த வாரம் அணைந்து, மீண்டும் எரிய மூன்று மாதம் ஆனது.

சமையல் கழிவில் வரும் ரசம், கஞ்சி, சாம்பார்த் தண்ணீரையும் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள். அதைக் கழிக்காமல் அளந்த தண்ணீரை முழுவதும் ஊற்றினால் கலனில் உள்ள நுண்ணுயிர்கள் சீக்கிரம் கழுவப்பட்டுப் போகும்.

10. புளித்துவிட்டால்

அறிகுறிகள் இந்த வரிசையில் வரும்: சுடர் தடுமாறும், வாயு குறையும், ஸ்லரியில் சாண வாசனை போய்ப் புளித்த காடி வாசனை வரும், நுரை பொங்கும். சோதனைத் தாள் மாறுவது இதற்கெல்லாம் பிறகு. ஆகவே தாளை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வாரம் ஒரு முறை பக்கத்துக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கொழுப்பமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 0.3-க்குள் இருந்தால் நலம், 0.4-ஐத் தாண்டினால் ஊட்டத்தைப் பாதியாக்குங்கள்.

புளித்தது உறுதியானால் ஊட்டத்தை முழுவதும் நிறுத்துங்கள், மூன்று முதல் ஏழு நாள். அன்றைய 2 டன் தொட்டிக்குப் போகட்டும். கூடவே இரண்டு பங்கு காய்ந்த தழை போட்டுவிடுங்கள். தினமும் நூறு இருநூறு கிலோ சாணக் கரைசல் மட்டும் கலனுக்கு. சுண்ணாம்பை அள்ளிப் போடும் பழக்கம் உண்டு. சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வெற்றிடம் உண்டாக்கும். பலூன் சுருங்கும், காற்று உள்ளே இழுபடும். தேவையென்றால் சமையல் சோடா, சிறிது சிறிதாக.

காரணம் தெரியாமல் புளித்தால், பிரிக்கும் மேசையை யார் எதை ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். எங்களுக்கு அது பிளீச்சிங் பவுடர். மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தரை முழுவதும் தூவி, ஃபினாயிலும் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அந்த வடிகால் நேராக அரவைத் தொட்டிக்குப் போனது. மேசைத் தரையின் வடிகாலைத் தனியாகப் பிரித்த பிறகுதான் தொல்லை நின்றது.

11. கேக்கை உரமாக்குவது

பிழிந்த கேக்கை அப்படியே உரமென்று மூட்டை கட்டாதீர்கள். அம்மோனியா இருக்கும், நோய்க்கிருமியும் இருக்கும், விதையும் முளைக்கும்.

தனியாகக் குவித்தாலும் பயனில்லை, சூடே ஏறாது. சூட்டைத் தரும் மென்மையான பகுதியைக் கலன் ஏற்கெனவே தின்றுவிட்டது. கொள்ளளவில் ஒரு பங்கு கேக், ஒரு பங்கு வீட்டுக் குப்பை, இரண்டு பங்கு துகளாக்கிய காய்ந்த தழை என்று கலந்து தொட்டியில் போடுங்கள். தழை அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும், காற்றுக்கு வழிவிடும். வீட்டுக் குப்பை சூட்டைக் கொடுக்கும். நடுவில் நீளமான வெப்பமானியைச் செருகினால் 55 டிகிரி, குறைந்தது மூன்று நாள் நிற்க வேண்டும். பிறகு புரட்டி, வெளியே இருந்ததை உள்ளே தள்ளி மறுபடியும் அதே சூடு வரவேண்டும்.

இதற்கான தழையை இன்றைக்கே சேமிக்கத் தொடங்குங்கள். மாசி, பங்குனியில் உதிர்வதைத் தெருவோரம் எரித்துவிட்டு ஆவணியில் தேடினால் கிடைக்காது.

பிழிந்த நீரைத் தொட்டியில் முதல் இரண்டு வாரம் மட்டும் தெளியுங்கள். சூடு அடங்கிய உரத்தில் தெளித்தால் செத்த கிருமி மறுபடி குடியேறும்.

விற்பதற்கு முன் ஆய்வகச் சோதனை. உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 நகர உரத்துக்குக் கார்பன் நைட்ரஜன் விகிதம் 20-க்குள், மின்கடத்துத்திறன் 4-க்குள் என்கிறது. கலன் சேர்த்த பிறகு இடிப்பது இரண்டாவதுதான், உப்பினால். 4-ஐத் தாண்டினால் நீரைத் தொட்டிக்கு விடுவதைக் குறைத்துத் தோப்புக்குத் திருப்புங்கள். கலக்கும் தழையைக் கூட்டுங்கள்.

12. சுவரில் நாட்காட்டி

மேசைக்கு எதிரே ஒரு தினக்காலண்டரை மாட்டி, முகூர்த்த நாட்களில் சிவப்பு வட்டம் போடுங்கள். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் இரண்டு நாள் கழிவு ஒரே நாளில் வரும். வந்ததையெல்லாம் கலனில் தள்ள வண்டி ஓட்டுநர் துடிப்பார், அவருக்கு வண்டி காலியாக வேண்டும். 2 டன் கோட்டைத் தாண்டக் கூடாது. மூடிபோட்ட டிரம்களில் அடுத்த நாளுக்கு ஒரு பங்கை வைக்கலாம், மீதி தழையோடு தொட்டிக்கு.

பொங்கலுக்குக் கரும்புத் தோகையும் மஞ்சள் செடியும் மலைபோல் வரும். எல்லாம் துகளாக்கித் தொட்டிக்கு. புரட்டாசியில் மீன் கழிவு குறையும், சைவக் கழிவு கூடும். கலனுக்கு அது நல்ல மாதம். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, உடைத்த பூசணிக்காய் தெருத்தெருவாக வரும். பூசணி கலனுக்கு ஏற்றதுதான், பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அன்றைக்குக் கரைக்கும் தண்ணீரை முக்கால்வாசி குறைத்துவிடுங்கள். ஆனால் அரைப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பாருங்கள். உள்ளே குங்குமத்தோடு சில்லறைக் காசு இருக்கும், அரவை இயந்திரத்தின் பிளேடு அதில்தான் போகும். சேரும் காசு மேசையில் நிற்கும் அக்காக்களுக்கு.